இன்ஜினுக்குப் போக வேண்டிய காற்று

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். என் படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தமிழில் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூடும் வாசகர் வட்டத்தில், ஆளுக்கொருவரைப் பற்றி எழுதி வாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் ஆசிரியரைப் பற்றி, அப்பாவைப் பற்றி எழுதுவார்கள், நன்றாகவும் எழுதுவார்கள். எனக்கு மனத்தில் வந்து நின்றவர் ஓர் இன்ஜின் அறையைப் பார்த்துக்கொண்டவர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இன்ஜினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் ஏதாவது தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், நான்தான் சரியாகக் கேட்டிருக்க மாட்டேன். பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம், அவர்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள்.

சிங்கப்பூரின் வடக்கே, கிராஞ்சியில் ஒரு பெரிய சலவை ஆலை. ஹோட்டல் விரிப்புகளும் மருத்துவமனைத் துணிகளும் அங்கே வரும். நான் மடிக்கும் கூடத்தில் வேலை செய்தேன். காலையில் தேக்காவிலிருந்து கம்பெனி வேன் எங்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். இரண்டு பயணத்திலும் பாதிப் பேர் தூங்குவார்கள். நானா தூங்க மாட்டார். ஏசி காற்று வரும் இருக்கையில்தான் அவர் முதலில் உட்காருவார். அடுத்த நிறுத்தத்தில் ஏறுபவர் கேட்பார், எழுந்து கொடுத்துவிடுவார். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னோர் இடத்தையும் கொடுத்துவிடுவார். கிராஞ்சி போய்ச் சேரும்போது கடைசி வரிசையில், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே இருப்பார்.

ஆலைக்கென்று சொந்தமாக ஓர் இன்ஜின் இருந்தது. எரிவாயுவில் ஓடும். மின்சாரம் கொடுக்கும், அதன் சூட்டையும் வீணாக்காமல் பிடித்து, துவைக்க வெந்நீரும் இஸ்திரி உருளைக்கு ஆவியும் போடுவார்கள். இன்ஜின் நின்றால் விளக்கு அணையாது, வெளியிலிருந்து கரண்ட் வந்துவிடும். வெந்நீரும் ஆவியும்தான் வராது. பழைய பாய்லர் ஒன்று இருந்தது, பாதி வேலைக்குக்கூடக் காணாது. அதனால் இன்ஜின் நிற்கக் கூடாது. அது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் நானாவின் வேலை.

"இதுக்கு ரெண்டு காத்து வேணும்மா" என்று ஒரு நாள் சொன்னார். நான் அதிகம் பேசாதவள் என்பதாலோ என்னவோ, என்னிடம் இதையெல்லாம் சொல்வார். "ஒண்ணு, உள்ள இழுத்து எரிக்க. இன்னொண்ணு, மேல பட்டு சூட்டைத் தூக்கிட்டுப் போக. ரெண்டாவதுதான் ரொம்ப ரொம்ப வேணும். நாம சாப்பிட ஒரு தட்டு போதும். படுக்க ஒரு ரூம் வேணும்ல? அப்படி."

ஆலையின் பின்சுவரில் ஆளுயரத்துக்குச் சாய்ந்த தகடுகள் வைத்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. லூவர் என்பார்கள். காற்று அந்த வழியாக உள்ளே வரும். பின்னால் இரண்டு பெரிய ஃபேன்கள், பிறகு ஃபில்டர்கள். அங்கிருந்து ஒரு தகரக் குழாய் எங்கள் கூடத்தின் ஓரமாக, தலைக்கு மேலே ஓடி இன்ஜின் அறைக்குப் போகும். ஓர் ஆள் குனிந்து நடக்கலாம், அவ்வளவு பெரிய குழாய். அறைக்குள் காற்று இன்ஜினின் ஒரு முனையில் விழுந்து, மறுமுனை வரை தடவிக்கொண்டு போய், கூரை வழியாகச் சூடாக வெளியேறும். இடையில் எங்கேயும் ஒழுகக் கூடாது. அறைக் கதவைத் திறந்து வைத்தால் நல்லது என்று நாங்கள் நினைப்போம், அதுவும் தப்பாம். காற்று சுலபமான வழியில் ஓடிவிடும், இன்ஜினைத் தொடாதாம்.

நானா லூவருக்குப் பக்கத்தில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கை மரத்துப் போய்விட்டது, கன்னத்தில்தான் காற்று தெரிகிறது என்பார்.

"தூங்குறீங்களா நானா?" என்று சாரதாக்கா கத்துவார். சாரதாக்கா எங்கள் கூடத்தில் மூத்தவர். தொண்டை பெரிது.

"காத்து வருதான்னு பாக்குறேன் தங்கச்சி."

"குறட்டையும் சேந்து வருது லா!"

சில நாள் உண்மையாகவே தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. அதுதான் அவர். நல்ல குணம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் பார்த்தேன். இரண்டு கைகளிலும் தூக்க முடியாத பைகள். ஒரு பையில் மீன் தலைகள், இன்னொன்றில் ஒரு கட்டு வாழை இலை.

"வீட்டுல விசேஷமா நானா?"

"இல்லம்மா. ரெண்டு மீன் வாங்க வந்தேன். இந்தத் தலையெல்லாம் மிச்சம் கெடக்கு, எடுத்துக்கோன்னான்."

"எலை?"

"அந்தம்மா கடைய மூடணும்னாங்க."

சொல்லிவிட்டுப் பைகளைக் கீழே வைத்தார். விரல்களில் கோடு விழுந்திருந்தது. சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் வந்தது. மனைவி இல்லை. மகனோடு இருந்தார். வீட்டைப் பற்றி ஒரே நாளில் உட்கார்ந்து சொல்லவில்லை. வேனில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்னதை நானே சேர்த்துக்கொண்டேன். அவருடைய அறையில் முதலில் பேத்தியின் மேசையை மட்டும் போட்டார்கள். பரீட்சை முடியும் வரைக்கும் என்றார்கள். பிறகு பேத்தியின் கட்டில் வந்தது. நானா ஹாலுக்கு வந்தார். ஹாலில் மருமகள் பகலில் தையல் வகுப்பு எடுக்கிறாள். அதனால் பகலில் ஹாலும் இல்லை. விடுமுறை நாளில் கீழே புளோக் அடியில் உட்கார்ந்திருப்பார். யாரையும் குறை சொல்லவில்லை. "எல்லாரும் நல்ல புள்ளைங்கதான். கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க" என்றார்.

இன்ஜின் அறைக்கு வெளியே, கண்ணாடி வைத்த ஒரு சிறு தடுப்புக்குள், ஒரு நாற்காலியும் கெட்டிலும் தொழுகைப் பாயும் இருந்தன. அந்த நாற்காலி ஒன்றுதான் அவருக்கு இருந்த இடம் என்று எனக்குப் புரியச் சில காலம் ஆனது. அவருக்கு ஓய்வு வயது தாண்டிவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்த மாதம் நெருங்கும்போது மட்டும் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்.

லூவர் இருந்த இடத்தில் எப்போதும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? துவைக்கும் பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் சிலர் வேலை செய்தார்கள். பக்கத்து டார்மிட்டரியில் தங்கியிருந்தார்கள். அங்கே துணி காயப் போட இடம் போதாது. ஒருவன் வந்து கேட்டான்.

"நானா, ஒரே ஒரு பனியன். அரை மணியில காஞ்சிரும்."

"ஓரமாப் போடுப்பா."

பனியன் நன்றாகக் காய்ந்தது. அடுத்த வாரம் அந்த ஓரத்தில் ஐந்தாறு துண்டுகள். பிறகு கைலியும் போர்வையும். ஈரத்துணி தகடுகளோடு ஒட்டிக்கொண்டு விம்மும். காற்று போகும் வழி கண் முன்னாலேயே அடைத்துக்கொண்டே வந்தது. போடாதே என்று சொல்ல நானாவுக்கு வாய் வரவில்லை. காய்ந்த உடனே ஓடிப்போய் எடுத்து, மடித்து, தன் நாற்காலியில் அடுக்கி வைத்தார். தம்பிகள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். அடுத்த நாளிலிருந்து துணியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேனேஜரும் கேட்டார். ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் புகார் செய்திருந்தார்களாம். "மத்தியானத்துல ஒரு ஃபேனை ஸ்லோ பண்ண முடியுமா அங்கிள்?" என்று கேட்டார். மேனேஜர் சீனர், இங்கிலீஷில்தான் பேசுவார், அவரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். "கேன், கேன், முடியும்" என்றார் நானா.

இனி எங்கள் கூடம். ஒரு பக்கம் டிரையர்கள், மறுபக்கம் ஆவியில் சுடும் இஸ்திரி உருளை. நடுவில் நாங்கள். மின்விசிறி வைக்கக் கூடாது. வைத்தால் பஞ்சுத் தூசி பறந்து மடித்த துணியில் ஒட்டும், மருத்துவமனை திருப்பி அனுப்பிவிடும். மத்தியானத்தில் கண்ணுக்குள் வேர்வை இறங்கும். துடைக்கக் கை எடுத்தால் உருளையிலிருந்து வரும் விரிப்பு கீழே விழுந்துவிடும். ஒரு நாள் சாரதாக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போய், உதடு நடுங்கியது. தண்ணீர் கொடுத்து, காலைத் தூக்கி வைத்தோம். எழுந்ததும் அவர் பார்த்தது தலைக்கு மேலே ஓடிய தகரக் குழாயை.

"நானா, இதுக்குள்ள என்ன போவுது?"

"காத்து."

"எங்கேர்ந்து?"

"வெளியிலேர்ந்து."

"எங்க தலைக்கு மேல நல்ல காத்து போவுது, நாங்க கீழ வெந்து சாவுறோமா? இன்ஜின் என்ன உங்க மாமியாரா, இந்த உபசாரம் பண்றீங்க?"

கூடமே சிரித்தது. நானாவும் சிரித்தார். குழாயைச் சுத்தம் செய்ய ஆள் உள்ளே போவதற்காக, அதன் அடியில் ஒரு மூடி இருந்தது. ஏணி கொண்டுவந்து அதன் திருகுகளைத் தளர்த்தி, ஒரு பக்கத்தில் சுருட்டிய துண்டைச் செருகினார். நாலு விரல் அளவு திறப்பு.

அந்தக் காற்றை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குளிர்ந்த காற்று இல்லை. வெளியே அடிக்கும் அதே சிங்கப்பூர்க் காற்றுதான், ஃபில்டர் துணியின் வாசனையோடு. ஆனால் அது நகர்ந்தது. பிடரியில் பட்டபோது யாரோ தலையைத் துவட்டிவிடுவது போல இருந்தது. சாரதாக்கா கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அந்த மூடிக்குக் கீழே யார் மேசை என்று சண்டை வந்தது. சண்டை தீர வேண்டும் என்று நானா திறப்பைப் பெரிதாக்கினார். அப்போதும் தீரவில்லை. இன்னும் பெரிதாக்கினார்.

சித்திரை வெயில் வந்தது. இன்ஜின் அறைக்குள் சூடு ஏறினால் இன்ஜின் தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் நின்றுவிடும். அது குறைக்க ஆரம்பித்தது. துவைக்கும் பகுதியில் வெந்நீர் போதவில்லை என்றார்கள். நானா துண்டுகளை எடுக்கச் சொல்லவில்லை, மேனேஜரிடம் ஃபேனைப் பற்றிப் பேசவில்லை, எங்கள் மூடியைத் தொடவில்லை. ஃபில்டர்களைக் கழற்றிக் கழுவினார். மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலையைத் தினமும் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் சோற்றைப் பிரிக்கும்போது, பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். கறுப்புத் தண்ணீர் ஓடும். மழைச்சட்டை போட்டிருந்தும் நனைந்திருப்பார். மற்ற எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்த வழியில், எவ்வளவு காற்று போகுமோ அவ்வளவையும் அனுப்பப் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"சாப்பிட்டீங்களா நானா?" என்று கேட்டேன்.

"இதோ, இது ஒண்ணுதான்" என்றார். பக்கத்தில் இன்னும் ஏழெட்டு அடுக்கியிருந்தது.

ஒரு மத்தியானம் இன்ஜின் நின்றது. உருளை ஆறியது. நாங்கள் ஈர விரிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

இன்ஜின் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, மரியாதையானவர். சின்ன விசிறி வைத்த கருவி ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். லூவரில் தொங்கிய துணிகளைப் பார்த்தார். எங்கள் கூடத்துக்கு வந்து நிமிர்ந்தார். கருவியை மூடிக்கு நேரே பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவருடைய முன்மயிர் பறந்தது.

"இதை யாரு திறந்தது?" என்று மேனேஜர் கேட்டார்.

சாரதாக்கா வாயைத் திறப்பதற்குள் நானா சொன்னார்: "கிளீன் பண்ணத் தொறந்தேன். மூட மறந்துட்டேன்."

"மூடியில செருகியிருக்கிற துண்டு?"

"அதுவும் மறந்துட்டேன்."

மேனேஜர் கோபப்படவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். "அங்கிள், உங்க கான்ட்ராக்ட் என் டேபிள்ல இருக்கு. நான் சைன் பண்ணணும்னு நினைக்கிறேன். இன்னொரு தடவை இன்ஜின் நின்னா என்னால முடியாது. தலைமை ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார்.

பொறியாளர் நானாவைத் தனியே அழைத்துப் போனார். நான் மடித்துக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில்தான். "ஐயா, லூவரை நான் கிளியர் பண்ணச் சொல்லிட்டேன். ஃபேனையும் ஃபுல்லா ஓடவிடச் சொல்லிட்டேன். ஆனா முக்கியமா காத்து போறது இந்த ஓட்டையிலதான். இது மூடியே இருக்கணும். ஏற்கனவே ரொம்ப சூடு வாங்கிருச்சு. இனிமே இன்ஜின் தாங்காது" என்றார்.

"சரிங்க தம்பி" என்றார் நானா.

ஏணி போட்டு மூடியை முறுக்கினார். கடைசித் திருகு இறுகும்போது காற்றின் சத்தம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. லூவரில் ஒரு பலகை மாட்டினார்கள். தம்பிகள் துணிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். இன்ஜின் ஓடியது.

கூடம் பழையபடி ஆனது. பழையபடி என்று சொல்வது சரியில்லை, முன்பு எங்களுக்கு வேறொன்று தெரியாது. மேனேஜர் கூடுதலாக இடைவேளை கொடுத்தார், குளிர்ந்த தண்ணீர் வைத்தார். சாரதாக்காவுக்கு அது போதவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. வேலையை விடவும் முடியாது, வீட்டு வாடகை அவர் ஒருவர் சம்பளத்தில்தான். ஒரு நாள் மறுபடியும் தலை சுற்றி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானா அந்தப் பக்கமாக வந்தார்.

"நானா, மத்தியானத்துக்கு மட்டும். ரெண்டு விரல். யாருக்குத் தெரியப் போவுது?"

நானா மூடியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கைகள் ஏணியைத் தேடுவது போல நகர்ந்தன. அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"என்னம்மா சொல்றே?" என்றார். என்னிடம்தான் கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள்.

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவேன். ஆனால் அந்தக் கண்ணாடித் தடுப்பும் நாற்காலியும் எனக்கு நினைவு வந்தன.

"வேணாம் நானா. மூடியே இருக்கட்டும். தொறந்தா உங்க வேலை போயிரும்."

"ஆமா, இவளுக்கு ஒடம்புல ரத்தமே இல்ல, இவளுக்கு எதுக்குக் காத்து!" என்றார் சாரதாக்கா. "நான் செத்தா நீ வந்து என் மேசையில நில்லு லா."

எனக்குக் காது எரிந்தது. ஆனாலும் சொன்னேன்: "அக்கா, உங்க மேசைய உருளைக்குத் தூரமாத் தள்ளிக்கலாம். என் எடத்துக்கு வாங்க, நான் அங்க நிக்கிறேன். மூடியத் தொறக்க வேணாம்."

நானாவின் முகத்தில் ஒரு சுமையை இறக்கி வைத்தது போன்ற தெளிவு வந்தது. "இந்தப் புள்ள சொல்றதுதான் சரி" என்றார். "தொறக்கல." அவருக்காக வேறு யாரோ 'முடியாது' என்று சொன்னது அவருக்கு அதுவே முதல் முறையாக இருந்திருக்கலாம். நானும் சாரதாக்காவும் இடம் மாறிக்கொண்டோம். உருளைக்குப் பக்கத்தில் நின்று அன்று பொழுது சாயும் வரை மடித்தேன். சாயங்காலம் என் வலது கன்னம் சுட்டது போலச் சிவந்திருந்தது. ஆனாலும் ஒரு காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

வேனில் சாரதாக்கா என்னோடு உட்காரவில்லை. பின்னால் போய், மூட்டைகளுக்குப் பக்கத்தில், நானாவின் அருகே உட்கார்ந்தார். அவர் கத்திப் பேசியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். மெதுவாகத்தான் பேசினார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேக்கா வருவதற்குச் சற்று முன்பு திரும்பிப் பார்த்தேன். நானா சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது என்னிடம் வந்து, "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார். அதையும் மனதாரத்தான் சொன்னார். இன்றும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

மறுநாள் காலை நாங்கள் போனபோது மூடி இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்ஜின் நின்றது. நானா சாவியையும் கெட்டிலையும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் பஸ் ஏறினார். சாயங்காலம் இரண்டு பேர் வந்து மூடியை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். மருத்துவமனைத் துணி அன்று தாமதமாகப் போனது.